கூலிக்கு மாரடித்தவர்களும் பேருக்கு எழுதியவளும்

2019-இல் நாங்கள் தொகுத்த மாரடிப் பாட்டுப் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் பொன்னாடை. அதில் நானும் ஒருத்தி. பாட்டுச் சொன்ன ஒன்பது பேரில் நாலு பேரை வேன் பிடித்துக் கூட்டி வந்திருந்தோம். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தோம். வாழ்த்திப் பேசிய ஒருவர், 'பெயர் தெரியாத மக்கள் கவிஞர்கள்' என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைதட்டல். பெயர் தெரியாத அந்தக் கவிஞர்களில் ஒருத்தி என் அய்யாவுக்குச் சித்தி, எனக்குச் சின்ன அப்பத்தா. பெயர் தெரியாத அது, மூன்றாவது வரிசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டது: "ஏத்தா, ஒனக்குத் துண்டு போத்துனாக. நல்லது. எனக்குப் போத்தலன்னு நான் ஒண்ணும் நெனைக்கல. கீழூரு சின்னாத்தா பேர ஆராச்சும் சொன்னாகளா?"

யாரும் சொல்லவில்லை. புத்தகத்திலும் இல்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடித்தான். ஒரு வேலையைப் பல பேர் சேர்ந்து செய்கிறோம். அதில் வருகிற பேரை, மதிப்பை யாருக்கு எவ்வளவு என்று பங்கு வைப்பது? அதைவிட முக்கியமாக, பங்கு வைக்கிற கரண்டி யார் கையில் இருக்கிறது?

மாரடி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் எங்கள் கீழத்தெருவுக்கு ஆள் வரும். ஆம்பளைகளுக்கு மோளம், பொம்பளைகளுக்கு மாரடி. வட்டமாக நின்று, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, மாரில் அடித்துக்கொண்டே சுற்றி வரணும். வாசப்படிக்கு வெளியே, தெருவில், வெயிலில். செத்தவர் வாங்கிய நிலம், வெட்டிய கிணறு, கட்டிக் கொடுத்த மகள் எல்லாம் பாட்டுக்குள் வரணும். கருமியாக வாழ்ந்து செத்தவனைக்கூட வள்ளலாக்கணும். கூலி என்று சின்ன அப்பத்தா காலத்தில் கிடைத்தது கொஞ்சம் நெல், வெத்தலை பாக்கு, சில வீடுகளில் பழஞ்சீலை. பிறகு ரூபாய்.

யோசித்துப் பாருங்கள். இவர்கள் பார்த்த வேலையே அடுத்தவனுக்குப் புகழ் உண்டாக்கிக் கொடுப்பதுதான். புகழை உற்பத்தி செய்கிற கைகள் இவை. அந்தக் கைகளுக்கு மொழி என்ன கொடுத்தது? 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று ஒரு சொலவடையைக் கொடுத்தது. மனசில்லாமல் ஒப்புக்கு வேலை செய்கிறவன் என்று அதற்கு அர்த்தம். ஆபீசில் தூங்குகிறவனை ஏசுவதற்குக்கூட எங்கள் அப்பத்தாக்களின் நெஞ்சு தேவைப்படுகிறது. டாக்டர் கூலிக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார், வக்கீல் கூலிக்குத்தான் வாதாடுகிறார். கூலிக்கு வாதாடுவது என்று ஏன் ஒரு வசவு இல்லை? கூலி வாங்கியதல்ல குற்றம். யார் வாங்கினார்கள் என்பதுதான் குற்றமாகியிருக்கிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எம்.ஏ. தமிழ் படிக்கும்போது 2012-இல் இரவல் ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். சின்ன அப்பத்தா ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பிக்கும் முன்னால் ஏதாவது பேசும். "இது நான் கட்டுனதில்ல, கீழூரு சின்னாத்தா கட்டுனது. நடுவுல வர்ற ரெண்டு அடி மட்டும் நான் போட்டது." இன்னொன்றுக்கு, "இத எங்க ஆத்தா அவ தம்பி செத்தப்ப கட்டுச்சு, பெறகு கூலிப் பாட்டுல சேத்துக்கிட்டோம்" என்று சொல்லும். மற்ற பெண்களும் அப்படித்தான். ஒருத்தி பாடும்போது இன்னொருத்தி குறுக்கே விழுவாள்: "ஏ, அது ஒங்க மாமியா அடியில்ல, எங்க பெரியாத்தா அடி." ரெண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். பிறகு யாருடையது என்று முடிவாகும். அதற்கப்புறம்தான் பாட்டு நகரும்.

நான் என்ன செய்தேன்? பேச்சு ஆரம்பித்ததும் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவேன். பாட்டு ஆரம்பித்ததும் மறுபடி அமுக்குவேன். பாட்டரி தீர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். பேச்சு ஆய்வுக்கு வேண்டாம், பாட்டுத்தான் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பது பெரிய காரணம். வகுப்பில் நான் படித்த இலக்கணம் இதுதான்: நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது வாய்மொழியாகப் பரவுவது, சமூகம் முழுமைக்கும் சொந்தமானது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆசிரியர் இல்லை என்பது எனக்குக் களத்தில் கிடைத்த உண்மை இல்லை. என் கட்டைவிரல் பட்டனை அமுக்கி உண்டாக்கிய உண்மை. கீழத்தெருப் பொம்பளைகள் அடிக்கு அடி சண்டை போட்டு நியாயமாகப் பங்கு வைத்திருந்த பேரை, படித்த நான் வந்து பொதுவில் கரைத்தேன்.

இதே தமிழ்த்துறையில்தான் சங்க இலக்கியமும் படித்தேன். குறுந்தொகை 40-ஆம் பாட்டைப் பாடியவர் பேர் தெரியவில்லை. அதற்காகத் தொகுத்தவர்கள் சும்மா விடவில்லை. பாட்டிலேயே உள்ள ஒரு தொடரை எடுத்து 'செம்புலப் பெயனீரார்' என்று பேர் வைத்தார்கள். அடுத்த பாட்டுக்காரர் 'அணிலாடு முன்றிலார்'. நற்றிணையில் ஒருவர் 'தேய்புரிப் பழங்கயிற்றினார்'. 'ஆர்' விகுதி போட்டு, மரியாதையோடு, இல்லாத பேரை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதே மரபின் வாரிசுகள் நாம். இருக்கிற பேரைச் சொல்கிறபோது பட்டனை அமுக்குகிறோம். பேர் தெரியாதவருக்குப் பேர் வைக்கிற மனசும், பேர் தெரிந்தவளின் பேரை அழிக்கிற மனசும் ஒரே துறைக்குள் எப்படி இருக்கின்றன? சாதி என்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் இதற்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை.

புத்தகத்தில் அவர்களுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கங்களில் 'தகவலாளிகள் பட்டியல்' இருக்கிறது. பேர், வயது, சாதி, ஊர். அட்டையில் பேராசிரியர் பேரும் என் பேரும். எங்கள் பேருக்குப் பக்கத்தில் வயதும் இல்லை, சாதியும் இல்லை. தகவலாளி என்றால் யார்? தகவல் கொடுத்தவர். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிறாரே, அவரும் தகவலாளிதான். ஒரு பாட்டைக் கட்டியவளும் அதேதான் என்றாகிவிட்டது.

மதிப்பைப் புள்ளி போட்டு அளக்கிற வழக்கம் நமக்குப் புதுசு என்று நினைக்க வேண்டாம். கல்லூரிகளில் அது சட்டமாகவே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களின் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. கூட்டாக எழுதினால் மொத்தப் புள்ளியில் 60 விழுக்காடு முதல் ஆசிரியருக்கும் வழிகாட்டிக்கும், மிச்சம் 40 மற்றவர்கள் எல்லோருக்கும். ஒரு பானைச் சோறு, பங்காளி கூடினால் பங்கு குறையும் என்ற கணக்கு. 2018-இல் வந்த விதிகளில் இந்தக் கணக்கு மாறியது. இந்தியப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10 புள்ளி. ரெண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30.

இந்தக் கணக்கை எங்கள் புத்தகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டையில் ரெண்டு பேர் இருந்தால் ஆளுக்கு 7, மொத்தம் 14. பத்தைப் பங்கு வைத்தால் பதினாலு வருகிறது! ஒன்பது பெண்களையும் ஆசிரியர்களாகச் சேர்த்திருந்தால் பேராசிரியருக்கு அதே 7. மற்ற பத்துப் பேருக்கும் ஆளுக்கு 3. ஆக மொத்தம் 37. அவருக்கு ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது. எனக்குத்தான் நாலு குறையும். நான் கல்லூரி வேலையிலேயே இல்லை. அந்தப் புள்ளியை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? அந்தப் பெண்களுக்கும் 3 புள்ளியால் ஒரு பிரயோசனமும் கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான்: மதிப்பு என்பது பானைச் சோறு இல்லை. பத்துப் பேருக்குக் கொடுத்தால் தீர்ந்து போகாது. தீர்ந்து போகும் என்று நம்ப வைத்தால்தான் அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு வசதி. கோயிலில் முதல் மரியாதைக்கு வெட்டு குத்து நடக்கிறதே, பரிவட்டத் துணிக்கா பஞ்சம்? எல்லோருக்கும் கட்டினால் மரியாதையே இல்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அவர்கள் மரியாதை என்று சொல்வது மதிப்பை இல்லை, வித்தியாசத்தை.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கினார். ஏணியில் ஏற ஏற வணக்கம் கூடும், இறங்க இறங்க இகழ்ச்சி கூடும். பலமுறை படித்த விஷயம்தான். ஆனால் அதன் முழு அர்த்தத்தையும் எனக்கு உறைக்க வைத்தவர்கள் இந்த ஒன்பது பேரில் மூன்று பேர்.

விழா முடிந்து மனசு கேட்காமல், அடுத்த பதிப்பில் எல்லோர் பேரையும் அட்டையிலேயே போடுவோம் என்று முடிவெடுத்து வீடு வீடாகப் போனேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு. மூன்று பேர் முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டார்கள். ஒரு அம்மா சொன்னது: "ஏந்தாயி, நீ இந்தப் பாட்டச் சொன்னா ஒனக்குப் பொன்னாட. நான் சொன்னேன்னு தெரிஞ்சா எம் பேத்தி நர்சு படிக்கிற எடத்துல 'மாரடிக்காரி பேத்தி'ம்பாக. பேர எடுத்துரு. பின்னாடி போட்டிருக்கியே, அதையும் எடுத்துரு."

ஒரே பாட்டு. மேலே போனால் ஏழு புள்ளி. கீழே வந்தால் வசவு. பாட்டில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, வாய்தான் மாறியிருக்கிறது. அப்படியானால் பேரைப் போட்டுவிட்டால் நியாயம் செய்தாயிற்று என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம். என் பேரைப் போட்டால் எனக்கு வரவு. அவர் பேரைப் போட்டால் அவருக்குச் செலவு. எல்லோருக்கும் ஒரே நாணயத்தை எண்ணிக் கொடுத்து, 'சமமாகப் பங்கு வைத்துவிட்டேன்' என்று சொல்வது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற நியாயம்.

இந்த இடத்தில் தோழர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "பாட்டு சமூகத்தின் கூட்டுச் சொத்து. தனிப்பேர் கேட்பது முதலாளித்துவப் புத்தி. பேராசையை நம் சனங்களுக்கும் பழக்கப் போகிறாயா?" என்றார். இதை லேசாகத் தள்ள முடியாது. கூட்டுச் சொத்து என்பதில் உண்மை உண்டு. 1987-இல் அகத்திய மலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிகள் ஒரு காயைத் தின்றுவிட்டுச் சோர்வில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகம் பாராட்டியது. ஆனால் சொல்லிக் கொடுத்த சிலருக்கா, மருந்தறிவைக் காத்து வந்த பிளாத்திகளுக்கா, மலை முழுக்க இருக்கிற காணிகளுக்கா, அது யாருடைய அறிவு என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பேரும் பங்கும் வருகிற இடத்தில் இந்தப் பிணக்கு வரத்தான் செய்யும். அதைத் தீர்க்கிற அதிகாரம் அந்த மக்களிடம் இருக்கணும் என்பதுதான் என் பேச்சு.

தோழருக்கு நான் சொன்ன பதில் வேறு. கூட்டுச் சொத்து என்ற தத்துவம் எங்கள் முறை வரும்போது மட்டும் ஏன் ஞாபகம் வருகிறது? 1812-இல் திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது. எல்லிஸ் துரைக்குக் குறள் ஏட்டைக் கொடுத்தவர் ஆரிங்டன் துரையின் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். குறள் பதிப்பு என்றால் நம் வாயில் எத்தனை பேர் வருகின்றன? கந்தப்பன் வருகிறாரா? கந்தப்பனை விடுங்கள். 1907 முதல் வாரம் தவறாமல் பத்திரிகை நடத்திய பண்டிதரையே 1914-இல் அவர் இறந்த பிறகு தமிழ் அறிவுலகம் மறந்து போயிற்று. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் பல பேருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது. எண்பத்தைந்து வருஷம். மேலே இருப்பவனுடைய படைப்புக்கு ஆசிரியர் உண்டு, கீழே இருப்பவனுடைய படைப்புக்குச் சமூகம் உண்டு என்றால் அது பொதுவுடைமை இல்லை.

நம்மையும் விட்டுவிட முடியாது. நம் கூட்டங்களைப் பாருங்கள். மேடையில் உட்காருகிறவர்கள் வரிசை, பிளெக்ஸ் தட்டியில் படம் வருகிற அளவு, யாருக்கு எத்தனை நிமிஷப் பேச்சு எல்லாவற்றிலும் ஒரு ஏணி இருக்கிறது. ரெண்டு நாள் மாநாட்டுக்கு விடிய விடியச் சமைத்த பெண்கள் நன்றியுரையில் 'சுவையான உணவு வழங்கிய மகளிரணி' என்று ஒரு வார்த்தையில் முடிந்து போகிறார்கள். அந்த வார்த்தையும் ஆள் கலைந்து பாதி நாற்காலி காலியான பிறகு. தனிமனித வழிபாடு அரசியலில் சர்வாதிகாரத்தில்தான் கொண்டு விடும் என்று 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார். அவர் படத்துக்குக் கீழேதான் நாம் இந்த ஏணியைச் சாய்த்து வைத்திருக்கிறோம்.

அப்படியானால் என்னதான் செய்வது? சட்டம் ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், பாடுகிறவர், ஆடுகிறவர் தன்னை இன்னார் என்று அடையாளம் சொல்லும்படி கேட்கிற உரிமையைக் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். நான் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே வருஷம். எனக்கும் தெரியாது, எங்கள் துறையில் ஒருத்தரும் சொல்லவில்லை. கீழத்தெருவுக்கு அந்தச் சட்டம் எந்த வண்டியில் வரும்?

சட்டத்துக்கு முன்னால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரண்டியைக் கை மாற்றுவது. ரெண்டாம் பதிப்புக்காக நாங்கள் ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போனோம். இந்தத் தடவை 'பேர் போடப் போகிறேன்' என்று போகவில்லை. 'என்ன செய்யட்டும்' என்று கேட்கப் போனோம். அஞ்சு பேர் அட்டையில் பேர் போடச் சொன்னார்கள். சாதியை எடுக்கச் சொன்னவர்களும் உண்டு, எடுக்கவே கூடாது என்று சொன்ன ஒரு ஆத்தாவும் உண்டு. பேர் வேண்டாம் என்ற மூன்று பேரிடமும் செம்புலப் பெயனீரார் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு தங்கள் பாட்டிலிருந்து ஆளுக்கொரு சொல்லைத் தாங்களே எடுத்துப் பேராக வைத்துக்கொண்டார்கள். நர்சு படிக்கிற பேத்தி லீவில் வந்திருந்தாள். பாட்டிக்கு எந்தச் சொல் நல்லா இருக்கும் என்று அவளும் சேர்ந்துதான் தேடினாள். இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. புள்ளி போடுகிற கை மாறியது. அவ்வளவுதான்.

ஒன்பதாவது ஆள் சின்ன அப்பத்தா. 2021-இல் அது இறந்து போனது, ரெண்டாம் பதிப்பு வேலை தொடங்கும் முன்னால். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு இடத்தில் "இது வந்து கீழூரு..." என்று ஆரம்பிக்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. என் பட்டன். கீழூருச் சின்னாத்தாவின் சொந்தப் பேர் என்ன என்று தெருவில் ஒவ்வொருத்தரையும் கேட்டாயிற்று. எல்லோருக்கும் அவர் கீழூரு சின்னாத்தாதான். தெரிந்திருந்த ஒரே ஆள் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே 'அவர் பேர் என்ன அப்பத்தா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புதுப் பதிப்பில் அந்த நாலு பாட்டுகளுக்கும் மேலே 'கட்டியவர்: கீழூருச் சின்னாத்தாள்' என்று போடுகிறோம். நடுவில் வருகிற ரெண்டு அடிகளுக்குச் சின்ன அப்பத்தா பேர். கிராமங்களில் பாட்டும் கதையும் சேகரிக்கப் போகிற தம்பி தங்கைகள் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒன்றைச் செய்யுங்கள். அவர்கள் பேசும்போது பதிவை நிறுத்தாதீர்கள். அதில்தான் யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது.